மூக்கரும் முழு டேங்க் பெட்ரோலும்

நான்கு தெரு தள்ளி நிற்கும் காரின் பெட்ரோல் மூடி ஒரு சுற்றுக் குறைவாகத் திருகப்பட்டிருப்பதை, தன் பட்டறை வாசலில் நின்றபடியே மூக்கால் ஓர் இழுப்பு இழுத்துச் சொல்லிவிடக்கூடியவர் மூக்கர். நான்கு தெரு என்பது கொஞ்சம் கூடுதல்தான், ஒப்புக்கொள்கிறேன். இரண்டு தெரு என்று வைத்துக்கொள்ளுங்கள். சரி, அதே தெரு. அதுவும் காற்று இந்தப் பக்கமாக அடிக்க வேண்டும். ஆனால் காற்று ஒத்துழைத்த நாட்களில் அவரை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது என்று ஊரே சொன்னது. ஊர் சொன்னதை மட்டும் நான் ஓர் எழுத்துக்கூடக் கூட்டிச் சொல்லவில்லை.

பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று அவருக்கு உண்டு. அது ஓட்டுநர் உரிமத்தோடு நின்றுவிட்டது. மனைவி வேலை பார்க்கும் மருந்துக்கடையில்கூட "மூக்கர் வீட்டம்மா, அந்த இருமல் மருந்தை எடுங்க" என்றுதான் கேட்பார்கள். அந்த அம்மாளும் திரும்பிப் பார்ப்பார்.

பெயர் வந்த கதை இது. சைக்கிள் கடையில் பஞ்சர் ஒட்டி, பஸ் டிப்போவில் கிரீஸ் அடித்து, லாரி ஷெட்டில் ஏழு வருடம் படுத்துக் கிடந்து (லாரிக்கு அடியில்தான்), ஒருவழியாகத் தகரக் கூரை போட்டு அவர் சொந்தப் பட்டறை திறந்த வருடம், ஒரு டாக்டரின் கார் வந்தது. உள்ளே உட்கார்ந்தால் பிண நாற்றம். மூன்று பட்டறைகள் சீட்டைக் கழற்றி, தரைவிரிப்பைக் கழற்றி, கடைசியில் தாங்களும் கழன்றுகொண்டிருந்தன. நம்மவர் காரை இரண்டு சுற்றுச் சுற்றினார். பானெட் ஓரமாக வரிசை பிடித்துப் போய்க்கொண்டிருந்த எறும்புகளைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு கண்ணை மூடி, மூக்கைத் தூக்கி, மூன்று இழுப்பு.

"இடது பக்கம். காத்து வர்ற குழாய். எலி."

எலி இருந்தது. அடுத்த வாரம் ஒரு லாரி வந்தது. டிரைவர் இறங்கும்போது அவருடைய இடது செருப்பின் அடிப்பாகம் மட்டும் தேய்ந்து தகடாகியிருந்ததை மூக்கர் பார்த்தார். பார்த்துவிட்டுக் கண்ணை மூடி மூன்று இழுப்பு. "கிளட்ச் கருகிப்போச்சு. நீங்க காலை அதுமேல வச்சுட்டே தூங்குறீங்க." டிரைவர் காலில் விழாத குறை. அன்றோடு பெயர் நிலைத்துவிட்டது.

அதன்பின் மோந்து பார்ப்பதே ஒரு சடங்காகிவிட்டது. மூக்கர் வலது கையை உயர்த்துவார். பட்டறையின் மறுபாதியில் வண்டிகளுக்கு வண்ணம் அடிக்கும் பெயின்டர் உடனே கம்ப்ரசரை நிறுத்துவார். வாடிக்கையாளர்கள் செல்போனை அணைத்துவிட்டு மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். அறுவைச் சிகிச்சை நடக்கும் அறையில்கூட அப்படி ஒரு நிசப்தம் இருக்காது. மூன்று இழுப்பு. தீர்ப்பு. கம்ப்ரசர் மறுபடி உறுமும்.

இப்படி இருபத்தைந்து வருடம் ஓடிய மூக்கு, ஒரு மழைக்காலக் காய்ச்சலில் நின்றுபோனது.

ஐந்து நாள் காய்ச்சல். ஆறாம் நாள் எழுந்து டீ குடித்தார், வெந்நீர் குடித்ததுபோல் இருந்தது. சோப்பை மோந்தார், ஒன்றுமில்லை. பட்டறைக்குப் போய் யாரும் பார்க்காத நேரத்தில் பெட்ரோல் கேனைத் திறந்து மூக்கை அதற்குள் விட்டே பார்த்தார். கண்தான் எரிந்தது. சளி விட்டால் வந்துவிடும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். சளி விட்டது, வாசனை வரவில்லை. இதை யாரிடம் போய்ச் சொல்வது? காது கேட்காத தபேலாக்காரர் தன் காதைப் பற்றி மேடையில் அறிவிப்பாரா? பெயரே மூக்கு என்று இருக்கும்போது மூக்கு இல்லை என்றால், மிச்சம் இருப்பது என்ன? ஒரு ஸ்பேனர் பெட்டியும் பாதித் தகரக் கூரையும்தான். மூக்கர் வாயைத் திறக்கவில்லை. கையை உயர்த்துவதை மட்டும் விடாமல் செய்துகொண்டிருந்தார்.

அந்த நேரம் பார்த்துத்தான் கணக்கு டீச்சர் வந்தார்.

டீச்சர் உயர்நிலைப் பள்ளியில் கணக்கு எடுப்பவர். வாயைத் திறப்பதற்கு முன் பேனாவைத் திறப்பவர். அவருடைய காருக்கு மூக்கர்தான் ஐந்து வருடமாக வைத்தியம்.

"காருக்குள்ள பெட்ரோல் வாடை வருது," என்றார் டீச்சர். "எங்க வீட்டுக்காரர் வேற சிகரெட் பிடிக்கிறவர். காருக்குள்ள லைட்டரைத் தொடாதீங்கன்னு கையைக் கட்டி வச்சிருக்கேன். என்னன்னு பாருங்க."

மூக்கர் கையை உயர்த்தினார். கம்ப்ரசர் நின்றது. மூன்று இழுப்பு. ஒரு மண்ணும் தெரியவில்லை.

"மூடி வாஷர்," என்றார். பெட்ரோல் மூடியின் வாஷரை மாற்றி அனுப்பினார்.

இரண்டு வாரம் கழித்து டீச்சர் மறுபடி வந்தார். வாடை போகவில்லை. மறுபடி கை, மறுபடி மூன்று இழுப்பு. "இது பெட்ரோல் இல்ல டீச்சரம்மா, புது சீட் கவர் வாடை. வெயில்ல நிறுத்துங்க, போயிடும்."

"சீட் கவர் போட்டு மூணு வருஷம் ஆகுது."

"சில கவர் அப்படித்தான்."

மூன்றாம் முறை வந்தபோது டீச்சர் கையில் ஒரு கோடு போட்ட நோட்டு இருந்தது. அதில் கட்டம் கட்டி எழுதியிருந்தார்: தேதி, டேங்கில் எவ்வளவு பெட்ரோல், ஜன்னல் திறந்திருந்ததா மூடியிருந்ததா, போன சாலை, கடைசிக் கட்டத்தில் வாடைக்குப் பத்துக்கு எத்தனை மதிப்பெண்.

"வாடைக்கு மார்க் போடுற ஆளை இப்பத்தான் பாக்குறேன்," என்று சிரித்தார் மூக்கர். "டீச்சரம்மா, இது பரீட்சைப் பேப்பர் இல்ல. மூக்குன்னு ஒண்ணு எதுக்கு இருக்கு?"

"அதைத்தான் நானும் கேக்குறேன்," என்றார் டீச்சர்.

பெயின்டர் துணியால் வாயை மூடிக்கொண்டு வேறு பக்கம் திரும்பினார். மூக்கர் நோட்டை வாங்கி டேஷ்போர்டில் போட்டுவிட்டு, கண்ணாடியில் எலுமிச்சை வாசனை அட்டை ஒன்றைத் தொங்கவிட்டு அனுப்பிவைத்தார். கார் தெருமுனை திரும்பியதும் பெயின்டர் பக்கத்தில் வந்து நின்றார்.

"அண்ணே, உங்க மூக்கு லீவுல இருக்கா?"

"போய் உன் வேலையைப் பாரு."

"இல்லண்ணே, முன்னெல்லாம் நீங்க மோந்தா ஒரு கம்பீரம் இருக்கும். இப்ப ஏதோ ஜலதோஷம் பிடிச்ச பூனை மாதிரி இருக்கு."

அந்த வார ஞாயிற்றுக்கிழமைக் காலையில் வீட்டில் குட்டு உடைந்தது. மனைவி அடுப்பில் பாலை வைத்துவிட்டு, "பாத்துக்குங்க" என்று சொல்லிவிட்டு மாடிக்குத் துணி காயப்போடப் போனார். மூக்கர் சமையலறையிலேயே முக்காலி போட்டு உட்கார்ந்து செய்தித்தாளில் மூழ்கியிருந்தார். பால் பொங்கி வழிந்து அடுப்பை அணைத்தது. கேஸ் மட்டும் உஸ்ஸென்று வந்துகொண்டே இருந்தது. மனைவி பாதிப் படியில் இறங்கும்போதே கத்திக்கொண்டு ஓடி வந்து, அடுப்பை மூடி, ஜன்னலைத் திறந்து, செய்தித்தாளைப் பிடுங்கி விசிறினார்.

"என்னங்க நீங்க! பக்கத்துல உக்காந்துட்டு இருக்கீங்க! படியில வரும்போதே எனக்கு அடிக்குது, உங்களுக்குத் தெரியலையா?"

மூக்கர் முக்காலியிலிருந்து எழுந்தார்.

"காய்ச்சலோட போயிடுச்சு," என்றார்.

"என்ன போயிடுச்சு?"

"மூக்கு."

மனைவி ஏதோ சொல்ல வாயெடுத்தார். பிறகு என்ன நினைத்தாரோ, சொல்ல வந்ததை விழுங்கிவிட்டு அடுப்பைத் துடைக்கத் தொடங்கினார்.

"டாக்டர்கிட்ட போங்க."

"போனா ஊருக்கே தெரிஞ்சிடும்."

"தெரிஞ்சா என்ன?"

"என்னவா? நாளைக்கு என்னை என்னன்னு கூப்பிடுவாங்க?"

"உங்களுக்குப் பேரே இல்லையா?" என்றார் மனைவி. சரிதான். ஆனால் அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் அவருக்கே திரும்பத் தோன்றாது.

புதன்கிழமைக் காலை கணக்கு டீச்சர் நான்காம் முறையாக வந்தார். இந்தத் தடவை கோபம் மூக்குக்கு மேல் ஏறியிருந்தது, அதாவது அவருடைய மூக்குக்கு.

"சனிக்கிழமை பொண்ணை ஹாஸ்டல்ல விடப் போறோம். அஞ்சு மணி நேரப் பயணம். டேங்கை ஃபுல் பண்ணிட்டேன். பொண்ணு பின்னாடி உக்கார முடியல, வாந்தி வருதுங்கிறா. முன்னாடி வீட்டுக்காரர், பாக்கெட்ல லைட்டர். வெள்ளிக்கிழமை சாயங்காலம் வருவேன். சரி பண்ணுங்க. முடியாதுன்னா இப்பவே சொல்லிடுங்க, வேற இடம் பாத்துக்கிறேன். கோவிச்சுக்க மாட்டேன்."

கடைசி வாக்கியம்தான் மூக்கரைக் குத்தியது. கோபித்துக்கொள்ளாமல் போகிற வாடிக்கையாளர் திரும்பி வருவதே இல்லை. அது மட்டுமில்லை. டீச்சர் போகிற இடம் எதிர்த் தெருவில் கண்ணாடிச் சுவர் போட்ட பெரிய பட்டறையாகத்தான் இருக்கும். அங்கே யாராவது ஒரு சீருடைச் சட்டைக்காரர் ஒரே நிமிடத்தில் "பெட்ரோல் வாடை அடிக்குதே" என்று சொல்லிவிடுவார். மூன்று முறை மூக்கர் கோட்டைவிட்ட கதை பள்ளிக்கூடத்தில் தொடங்கி ஊர் முழுக்க ஓடும்.

"நான் பாக்குறேன் டீச்சரம்மா," என்றார்.

டீச்சர் சாவியைக் கொடுத்துவிட்டு ஆட்டோ பிடித்துப் போனார். மூக்கர் காருக்குள் உட்கார்ந்து கதவைச் சாத்திக்கொண்டார். இழுத்தார். இழுத்துக்கொண்டே இருந்தார். தலை சுற்றியதுதான் மிச்சம். இறங்கி வந்து பெயின்டரைக் கூப்பிட்டார். மானத்தைக் கொஞ்சம் அடகு வைத்தாலும் பரவாயில்லை என்ற நிலைக்கு வந்துவிட்டிருந்தார்.

"தம்பி, கொஞ்சம் உள்ள உக்காந்து பாரு. வாடை எங்க ஜாஸ்தின்னு சொல்லு."

பெயின்டர் தலையைச் சொறிந்தார். "அண்ணே, உங்ககிட்ட மறைக்கிறதுக்கு என்ன இருக்கு. எனக்கு வாசனை தெரிஞ்சே பத்து வருஷம் ஆச்சு. பெயின்ட்ல கலக்குற தின்னர் எல்லாத்தையும் சாப்பிட்டுடுச்சு."

"பத்து வருஷமாவா? அப்புறம் நான் மோந்து சொல்லும்போதெல்லாம் 'ஆமாண்ணே, அடிக்குது, அடிக்குது'ன்னு தலையாட்டுவியே?"

"நீங்க சொன்னா அடிக்கும்தானே அண்ணே. நான் எதுக்கு மறுத்துப் பேசணும்?"

ஆக, ஊரிலேயே வாசனைக்குப் பேர்போன பட்டறையில் மூக்கு என்று ஒன்றுமே இல்லை. பெயின்டர் சொல்லாமல் கொள்ளாமல் டீ வாங்கப் போய்விட்டார்.

மூக்கர் ஓட்டுநர் சீட்டில் சாய்ந்தார். டேஷ்போர்டில் அந்த நோட்டு கிடந்தது. செய்வதற்கு வேறு எதுவும் இல்லாததால் அதைத் திறந்தார். டீச்சரின் கையெழுத்து அச்சு மாதிரி இருந்தது. விரலை வைத்து மேலிருந்து கீழாகப் படித்தார்.

டேங்க் முழுசு: எட்டு மார்க். மறுநாள்: ஏழு. முக்கால்: நாலு. பாதி: ஒண்ணு. கால்: சைபர். மறுபடி முழுசு: எட்டு. மேட்டுச் சாலை ஏறிய நாள்: ஒன்பது. ஜன்னலுக்கும் வாடைக்கும் சம்பந்தமே இல்லை.

நிமிர்ந்து உட்கார்ந்தார். குழாயில் எங்காவது கசிந்தால் டேங்க் பாதியானாலும் கசியும். எஞ்சின் பக்கம் என்றாலும் அப்படித்தான். டேங்க் நிறைந்தபோது மட்டும் வாடை வருகிறது, பாதியானால் நின்றுவிடுகிறது என்றால், ஓட்டை டேங்கின் தலையில் இருக்கிறது. பெட்ரோல் தளும்பித் தளும்பி மேல்வரை போய்த் தொடுகிற இடத்தில். அந்த இடத்தில் இருப்பவை இரண்டு. ஒன்று பெட்ரோல் ஊற்றும் கழுத்துக் குழாய். இன்னொன்று பின்சீட்டுக்கு அடியில், டேங்குக்குள் இறங்கியிருக்கும் பம்பின் வாய்.

இதைக் கண்டுபிடிக்க அவர் ஒரு இழுப்புக்கூட இழுக்கவில்லை என்பதை அப்போது அவர் கவனிக்கவில்லை.

பெயின்டர் டீயோடு வந்ததும் மூக்கர் உத்தரவு போட்டார். "பெயின்ட் காய வைக்கிற உன் லைட்டை அணை. வெல்டிங் செட்டை வெளியே தள்ளு. இன்னைக்கு இங்க ஒரு தீக்குச்சிகூடக் கிழிக்கக் கூடாது." காரின் நான்கு கதவுகளையும் டிக்கியையும் திறந்துவைத்தார். பேட்டரி வயரைக் கழற்றினார். முதலில் எஞ்சின் குழாய்களைத் துடைத்து வெள்ளைக் காகிதத்தால் சுற்றி வைத்தார். அரை மணி நேரம் கழித்துப் பிரித்துப் பார்த்தால் காகிதம் காய்ந்தே இருந்தது. காருக்கு அடியில் படுத்தார். தூசி எல்லா இடத்திலும் ஒரே மாதிரி, காய்ந்த சாம்பலாக இருந்தது. கழுத்துக் குழாயைச் சுற்றியும் அப்படியே. கடைசியாகப் பின்சீட்டைத் தூக்கினார்.

அடியில் ஒரு வட்டத் தகடு. அதன் ஓரத்தில் மட்டும் தூசி கருத்து, ஈரமாக, மை ஒட்டியதுபோல் அப்பிக்கிடந்தது.

திறப்பதற்கு முன், கையால் அழுத்தும் பம்பை வைத்து டேங்கிலிருந்து இரண்டு கேன் பெட்ரோலை வெளியே எடுத்தார். தகட்டைக் கழற்றினார். அடியில் பம்பின் வாயைப் பிடித்திருக்கும் வளையத்தைத் திருகி எடுத்தார். அதற்குக் கீழே ரப்பர் ரிங். சப்பையாகி, ஒரு பக்கம் ஊதி, ஒரு பக்கம் பள்ளத்தை விட்டு வெளியே துருத்திக்கொண்டு, ஏதோ செத்து மூன்று நாள் ஆன மண்புழு மாதிரி கிடந்தது. அதைச் சுற்றிப் பெட்ரோல் பளபளவென்று தேங்கியிருந்தது.

"எந்த மடையன் இந்தப் பழைய ரிங்கைப் போட்டான்?" என்றார் மூக்கர்.

கேள்வியை முடிக்கும் முன்பே அவர் பார்வை மேஜை டிராயர் பக்கம் போனது.

இங்கே மூக்கரின் ஒரு பழக்கத்தைச் சொல்லியாக வேண்டும். எந்தப் பம்ப் வாங்கினாலும் பெட்டியில் ஒரு புது ரப்பர் ரிங் கூடவே வரும். மூக்கர் அதைப் போட மாட்டார். பழைய ரிங் பார்க்க நன்றாக இருந்தால் அதையே துடைத்துப் போடுவார். "பழைய ரப்பர் இடத்துக்குப் பழகினது. புதுசு முரண்டு பிடிக்கும்" என்பது அவருடைய சித்தாந்தம். புது ரிங்கை உறையோடு மேஜை டிராயரில் பத்திரப்படுத்துவார். ஒரு நாள் உதவுமாம். இருபத்தைந்து வருடமாக அப்படி ஒரு நாள் வரவில்லை. டிராயர் மட்டும் ரிங்கால் நிரம்பி, இப்போதெல்லாம் அதைத் திறக்க மேஜையைக் கவிழ்க்க வேண்டியிருந்தது.

பெயின்டரும் அவருமாகச் சேர்ந்து மேஜையைக் கவிழ்த்தார்கள். ரிங் மழை கொட்டியது. அரை மணி நேரம் தேடினார். கடைசியில் கிடைத்தது ஒரு பிளாஸ்டிக் உறை. அதன்மேல் அவருடைய கையெழுத்திலேயே, 'டீச்சரம்மா வண்டி, பம்ப்', அதற்குக் கீழே எட்டு மாதத்துக்கு முந்தைய தேதி.

பெயின்டர் அந்தக் கையெழுத்தையும் அவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார்.

"மடையன் யாருன்னு தெரிஞ்சிடுச்சு போல," என்றார் மெதுவாக.

"மேஜையை நிமிர்த்து," என்றார் மூக்கர்.

பள்ளத்தைத் துணியால் துடைத்து, புது ரிங்கை உட்கார வைத்தார். முரண்டு பிடிக்கும் என்று இருபத்தைந்து வருடம் அவர் பயந்த புது ரிங், பிறந்த இடத்துக்கே வந்ததுபோல் சொகுசாக உட்கார்ந்துகொண்டது. வளையத்தைத் திருகினார். எடுத்த பெட்ரோலை மறுபடி ஊற்றினார். சோப்பு நீரைத் தடவிக் காத்திருந்தார். ஒரு குமிழிகூட எழவில்லை. தகட்டை மூடி, சீட்டைப் போட்டு, காரைக் கதவு சாத்தி ஒரு மணி நேரம் வெயிலில் நிறுத்தினார்.

இப்போது யாராவது மோந்து பார்க்க வேண்டும்.

மருந்துக்கடைக்கு மதிய இடைவேளை விடும் நேரம். மூக்கர் போன் போட்டார். மனைவி கையில் டிபன் டப்பாவோடு வந்து சேர்ந்தார்.

"என்னைக் கூப்பிட்டு மோந்து பாக்கச் சொல்றீங்க. கடையில நான் இதை எப்படிச் சொல்லிட்டு வந்தேன் தெரியுமா? 'அவருக்குச் சாப்பாடு குடுத்துட்டு வந்துடுறேன்'னு சொல்லிட்டு வந்தேன்."

"சரி, சரி. உள்ள உக்காரு. பின்னாடி."

மனைவி பின்சீட்டில் உட்கார்ந்தார். கையை உயர்த்தவில்லை, கண்ணை மூடவில்லை. எல்லாரும் விடுகிற மாதிரிச் சாதாரணமாக மூச்சு விட்டார்.

"வருதுங்க."

மூக்கர் கதவுக்குள் தலையை நீட்டினார். "வரக் கூடாதே. எங்கேர்ந்து வருது?"

"இருங்க, அவசரப்படாதீங்க." மனைவி குனிந்தார், நிமிர்ந்தார், முன்சீட்டை எட்டிப் பார்த்தார். "பின்னாடி இல்ல. முன்னாடிதான். டிரைவர் சீட்டுக்கு அடியில." கையை விட்டுத் துழாவி ஒரு துணியை இரண்டு விரலால் தூக்கினார். சொட்டச் சொட்டப் பெட்ரோலில் நனைந்த துணி. பள்ளம் துடைத்த துணி. "இது யாரோடது?"

மூக்கர் அதை வாங்கிக்கொண்டுபோய் மூடி உள்ள டப்பாவில் போட்டார். தரைவிரிப்பையும் எடுத்து வெளியே உதறிக் காயப்போட்டார். மறுபடி கதவைச் சாத்தி ஒரு மணி நேரம் வெயில். அந்த ஒரு மணி நேரத்தில் மனைவி டிபன் டப்பா மூடியில் அவருக்கும் பெயின்டருக்கும் பங்கு போட்டுக் கொடுத்தார். இரண்டு பேரும் ருசியைப் பற்றிப் பேச்சே எடுக்கவில்லை. மறுபடி உட்கார்ந்து பார்த்தார் மனைவி.

"இல்ல."

"நிஜமாவா?"

"நிஜமாத்தாங்க. இந்த எலுமிச்சை அட்டைதான் தலைவலிக்குது. அதைத் தூக்கிப் போடுங்க."

வெள்ளிக்கிழமை சாயங்காலம் டீச்சர் வந்தார், கூடவே வீட்டுக்காரரும். மூக்கரின் மனைவி கடையிலிருந்து வீட்டுக்குப் போகிற வழியில் பட்டறையில் உட்கார்ந்திருந்தார். மறுபடியும் ஏதாவது மோந்து பார்க்க வேண்டியிருக்குமோ என்றுதான் வந்தேன் என்று அவர் சொல்லிக்கொண்டாலும், என்ன நடக்கிறது என்று பார்க்கிற ஆசைதான் அதிகம்.

டீச்சர் காரின் பின்சீட்டில் ஏறி, கதவைச் சாத்தி, ஐந்து நிமிடம் உட்கார்ந்திருந்தார். இறங்கி வந்து நோட்டைத் திறந்தார். தேதி. டேங்க் முழுசு. வாடை: சைபர். அதற்குக் கீழே இரண்டு கோடு.

"முடிச்சுட்டீங்க! நோட்டெல்லாம் எதுக்குன்னு நீங்க சொன்னப்ப எனக்குக் கோவம்தான் வந்துச்சு. ஆனா மூக்குன்னா உங்க மூக்குதான். எங்க ஸ்டாஃப் ரூம்ல எல்லார்கிட்டயும் சொல்லப் போறேன்."

"ஊருக்கே தெரிஞ்ச விஷயம்தானே," என்றார் வீட்டுக்காரர், சிகரெட் பாக்கெட்டைத் தடவிக்கொண்டே.

மூக்கருக்கு நெஞ்சு நிறைந்தது. இரண்டு மாதமாக ஆட்டிவைத்த பயம் ஒரு நிமிடத்தில் ஓடிவிட்டது. பெயர் பிழைத்துவிட்டது. வாயை மூடிக்கொண்டு சாவியைக் கொடுத்துவிட்டால் போதும். ஸ்டாஃப் ரூமிலிருந்து ஆறு கார் வரும். மூக்கராகவே வாழ்ந்து மூக்கராகவே கண்ணை மூடலாம்.

"ஒண்ணே ஒண்ணு," என்றார் டீச்சர். "அஞ்சு மணி நேரம் இவரால சிகரெட் இல்லாம இருக்க முடியாது. எனக்கு வாடை தெரியல. ஆனா என் மூக்கு சாதாரண மூக்கு. லேசா எங்கயாவது இருந்தா எனக்குத் தெரியாம போயிடலாம். பின்னாடி பொண்ணு இருப்பா. நீங்க ஒரு தடவை மோந்து பாத்து, பயமில்ல, பத்த வைக்கலாம்னு சொல்லிட்டா விட்டுடுறேன். உங்க மூக்கை நம்பித்தான்."

வீட்டுக்காரர் ஆவலோடு பார்த்தார். பெயின்டர் பழக்க தோஷத்தில் கம்ப்ரசரை நிறுத்தினார். பட்டறை நிசப்தமானது. மூக்கரின் வலது கை தானாகவே பாதி உயர்ந்தது.

உயர்ந்த கை அங்கேயே நின்றது. பின்சீட்டில் ஒரு பெண் பிள்ளை, முன்சீட்டில் நெருப்பு, நடுவில் அவருடைய இல்லாத மூக்கு. சைபர் என்று நோட்டு சொல்கிறது, இல்லை என்று மனைவி சொல்லியிருக்கிறார், சோப்பு நீரும் சொல்லியிருக்கிறது. இவ்வளவு பேர் சொன்னதையும் விட்டுவிட்டு, எதுவுமே தெரியாத ஒன்றின் பெயரில் இவர்கள் லைட்டரைத் தட்டப்போகிறார்கள்.

கையை இறக்கினார்.

"டீச்சரம்மா, பத்த வைக்கச் சொல்லாதீங்க. எந்தக் கார்லயும் வேணாம். வேணும்னா வண்டியை நிறுத்தி இறங்கிப் பிடிக்கட்டும்." வீட்டுக்காரரின் முகம் விழுந்தது. மூக்கர் நிறுத்தவில்லை. "இன்னொண்ணு. நான் மோந்து பாக்கல. எனக்கு மூக்கே வேலை செய்யல. ரெண்டு மாசம் முன்னாடி காய்ச்சல் வந்துச்சு, அதோட சுத்தமாப் போச்சு. மூணு தடவையும் உங்களை ஏமாத்தினேன். ஓட்டை இருக்கிற இடம் உங்க நோட்டைப் படிச்சுத்தான் தெரிஞ்சுது. வாடை போயிடுச்சுன்னு சொன்னது இவ. அந்தப் பழைய ரிங்கைப் போட்டது..." தொண்டையைச் செருமினார். "எட்டு மாசம் முன்னாடி பம்ப் மாத்தும்போது அதைப் போட்டதும் நான்தான்."

டீச்சர் பேனாவை மூடினார். அவர் பேனாவை மூடியதை அந்தப் பட்டறை அதுவரை பார்த்ததில்லை.

"அப்ப அந்த டாக்டர் கார் எலி, லாரி கிளட்ச், அதெல்லாம்?"

"அதெல்லாம் நிஜம் டீச்சரம்மா," என்றார் மூக்கர், முகத்தில் ஒரு சோகப் பெருமிதத்தோடு. "அந்த மூக்கு வேற. இருபத்தஞ்சு வருஷம் அப்படி ஒரு மூக்கு வச்சிருந்தேன். இந்தக் காய்ச்சல்தான் கொண்டுபோயிடுச்சு."

மனைவி டிபன் டப்பாவைப் பைக்குள் வைத்துவிட்டு எழுந்தார்.

"அது மட்டும் தப்பு டீச்சர். காய்ச்சல் மேல பழி போடக் கூடாது. கல்யாணம் ஆன புதுசுல, இந்தப் பட்டறை திறக்கிறதுக்கும் முன்னாடி, நான் தினம் ஒரு சென்ட் மாத்தி மாத்திப் போட்டேன், இவருக்கு எது பிடிக்கும்னு பாக்கலாம்னு. முழுசா ஒரு மாசம். மாசக் கடைசியில இவர் வந்து என்கிட்ட, 'ஏன், நீ சென்ட்டே போட மாட்டியா?'ன்னு கேட்டாரு."